நாலு சுவர், நாலு குணம்

தினமும் காலையில் தையல் மெஷின் மேல் போர்த்தியிருக்கும் கறுப்புத் துணியை உதறினால் வெள்ளைப் பொடி பறக்கும். துணியில் குறி போடும் சாக்பீஸின் பொடி என்றே பல நாள் நினைத்திருந்தேன். நாள் முழுக்க வெட்டு மேசையில் சாக்கால் கோடு போடுகிறவளுக்கு வெள்ளைப் பொடி ஒன்றும் புதிதில்லையே. ஒருமுறை உடம்பு முடியாமல் ஒரு வாரம் தையல் அறைப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால், யாரும் சாக்கைத் தொடாத அறையில் அதே பொடி, முன்னைவிடக் கூடவே. விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

நாக்கில் வைத்தது மடத்தனம். பழைய வீட்டுச் சுவரில் என்னென்ன பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதில் ஈயம் உண்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சமாச்சாரம். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பொடி உதிர்வது என் மேசையிலிருந்து இல்லை, சுவரிலிருந்து.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆதியில் அது அறையே இல்லை, வீட்டின் பக்கவாட்டில் ஓடிய தாழ்வாரம். எங்களுக்கு முன் இருந்தவர்களில் யாரோ அதை அடைத்து, மேலே கான்கிரீட் போட்டு, உள்ளறையாக்கிவிட்டார்கள். அதனால் அதன் ஒரு நீளச் சுவர் ஒரு காலத்தில் வீட்டின் வெளிச்சுவர். பொடிச்சல்லி கலந்த சாந்தை வீசி அடித்த சொரசொரப்பான பூச்சு, ஸ்டக்கோ என்பார்களே, அது. அதற்கு எதிரே ஹாலோ பிளாக்கில் எழுப்பிய புதுச் சுவர். இடப்பக்கம் தோட்டத்தை ஒட்டிய பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. வலப்பக்கம் கதவும் கதவைச் சுற்றிப் பூசாத செங்கலும். நாலு சுவரையும் நாலு காலத்தில் நாலு பேர் கட்டியிருக்கிறார்கள்.

உப்பாவது பரவாயில்லை, அந்த ஸ்டக்கோ சுவர்தான் எனக்கு நேரடி எதிரி. தைத்து முடித்த பட்டுத் துணியைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பும்போது நுனி சுவரில் லேசாக உரசும். அவ்வளவுதான், இழை இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டு முறை அப்படி ஆகி, வாடிக்கையாளருக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன்.

பெயிண்ட் வேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ரெண்டு கோட் பட்டி, ஒரு ப்ரைமர், பெயிண்ட். அஞ்சே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்" என்றார். பட்டி என்பது சுவரின் பள்ளத்தை நிரப்பும் வெள்ளைப் பசை, ப்ரைமர் என்பது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு. சொன்னபடியே ஆக்கினார். ஸ்டக்கோவின் பள்ளமெல்லாம் தெரியாமல் பட்டியை அப்பி, தேய்த்து, வெள்ளை அடித்தபோது எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு அழகு. நாலாம் மாதம் தோட்டச் சுவரில் கொப்புளம் கிளம்பியது. அழுத்தினால் பொதுக்கென்று உள்ளே போய், பின்னால் ஈரமாக உப்பு. ஆறாம் மாதம் ஸ்டக்கோ சுவரில் கதவு அறைந்து சாத்தும் அதிர்வுக்கே பட்டி உள்ளங்கை அகலத்துக்குத் தகடாகக் கழன்று விழுந்தது. கழன்ற தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பழைய வெளிப்பெயிண்டின் பச்சை நிறம் அச்சு மாறாமல் ஒட்டியிருந்தது. பட்டி சுவரைப் பிடிக்கவே இல்லை. பெயிண்டைப் பிடித்திருந்தது, அந்தப் பெயிண்ட் சுவரை விட்டுவிட்டது.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் கேட்டது வெள்ளைச் சுவர், அவர் வெள்ளைச் சுவர் கொடுத்தார். அடியில் என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை வந்தவர் ஒரு வயதான மேஸ்திரி. கையில் கரண்டியும் தோளில் துண்டும், வேறொன்றுமில்லை. வந்ததும் பேசவே இல்லை. கரண்டிக் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டொக், டொக், டொக், பொள். அந்தப் 'பொள்' கேட்ட இடத்தில் நின்று, "தங்கச்சி, கரித்துண்டு இருக்கா?" என்றார். கரித்துண்டுக்கு நான் எங்கே போவது? தையல் சாக்கைக் கொடுத்தேன். தட்டையான அந்த நீலச் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொள்ளென்று கேட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். அரை மணி நேரத்தில் என் அறை முழுக்க நீல வட்டங்கள். தோட்டச் சுவரின் கீழ்ப்பாதி ஏறக்குறைய ஒரே வட்டம். ஸ்டக்கோவில் ஏழெட்டு. புதுச் சுவரில் ஒன்றும் இல்லை. கூரையில் மூன்று.

"நாலு செவுத்துக்கும் ஒரே வைத்தியம் பாத்திருக்காங்க. நாலுக்கும் நாலு நோவு" என்றார்.

தோட்டச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் போட்டு அடைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம். தாளின் அறைப்பக்கம் காய்ந்திருந்தது, சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிந்தால் முன்பக்கம் நனையும், சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் பின்பக்கம் நனையும். இவ்வளவு எளிய சோதனையை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பட்டிச் செலவு மிச்சம்.

பிறகு என்னை வெளியே அழைத்துப் போய் அதே சுவரின் மறுபக்கத்தைக் காட்டினார். நானே ஆசையாக வளர்த்த செடிப் பாத்தி. வருஷா வருஷம் மண் கொட்டிக் கொட்டி, பாத்தி மண் உள்ளே இருக்கும் தரையைவிட ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. தினம் இரண்டு வேளை தண்ணீர் வேறு. செங்கல்லும் சுண்ணாம்பும் திரி மாதிரி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி நுண்துளைகள் வழியாகத் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் தனியாக வருவதில்லை, மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக் கூட்டிக்கொண்டு வரும். சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பால் போக முடியாது. அங்கேயே படிகமாகி வளரும். வளரும் படிகத்துக்குத் துளைக்குள் இடம் போதாமல் பூச்சைத் தள்ளி உடைக்கும். என் மெஷின் மேல் விழுந்த பொடி அதுதான். அதன் மேல் பட்டியும் பெயிண்டும் அடைத்ததால் ஆவி போக வழியில்லாமல் பின்னால் முட்டி, மொத்தமாகக் கொப்புளித்திருக்கிறது.

"மறைச்சுடலாம் மேஸ்திரி. ஜிப்சம் போர்டு அடிச்சு மூடிட்டா தெரியாதுல்ல?" என்றேன். எனக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும்.

"தெரியாது. உங்களுக்குத் தெரியாது. போர்டுக்குத் தெரியும்."

அந்தப் போர்டு, இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும் பொருள். நனைந்தால் பலம் போய்விடும், மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சுவருக்கு முன்னால் போர்டு அடிப்பது ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. அதைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தப்பைச் செய்து எத்தனை துணியில் கரும்புள்ளி பார்த்திருக்கிறேன்.

முதலில் மண்ணை வெட்டினோம். வெளித் தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்த அளவுக்கு இறக்கி, சுவரை ஒட்டிச் சிறு பள்ளம் எடுத்துச் சல்லி நிரப்பி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடச் சரிவு கொடுத்தார். உள்ளே கெட்ட பூச்சை ஈரக்கறை தெரிந்த உயரத்துக்கு மேலும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுத்தார். வெளியே வந்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் அள்ளினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவப்போன என் தம்பிக்குத் திட்டு விழுந்தது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

அப்புறம் காத்திருப்பு. சுவர் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் காயும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நான் எட்டு மாதம் பொறுத்தேன். அதுவரை செங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்ற அறையிலேயே, மெஷினை நடுவில் இழுத்துப் போட்டுத் தைத்தேன். வந்து போகிறவர்கள் எல்லாம் "வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்டுக் கேட்டே என்னைச் சோர்வடையச் செய்தார்கள்.

மறுபூச்சுக்கு நான் சிமெண்ட் என்றேன், அவர் சுண்ணாம்பு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, என் மூலையில் கிடந்த ஒட்டுப் போட வந்த பழைய துணியைக் காட்டி, "இந்தக் கந்தலுக்குக் கான்வாஸ் துணியில ஒட்டுப் போடுவீங்களா?" என்றார். போட மாட்டேன். முரட்டுத் துணி அசையாமல் நிற்கும், நைந்த துணி இழுபட்டு, ஒட்டின் ஓரத்திலேயே கிழியும். பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தும் மென்மையானது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு ஏறினால், சுவர் சற்றே அசையும்போது பூச்சு அசையாது. கடைசியில் பாளமாகப் பெயர்ந்து, கூடவே செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. மேல் பூச்சு அடிப்பூச்சைவிடப் பலமாக இருக்கக் கூடாது. அவருக்கு இதுதான் வேலையின் முதல் பாடம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன்பும் சுவர்கள் நின்றனவே.

சுண்ணாம்பு கொண்டுவந்த நாள் மறக்காது. டிரம்மில் தண்ணீருக்கு அடியில் பல மாதமாக ஊறிய நீற்றிய சுண்ணாம்பு. மூடியைத் திறந்து கரண்டியால் வெட்டி எடுத்தார். வெண்ணெய் மாதிரி வழவழவென்று கரண்டியிலேயே நின்றது, சொட்டவில்லை. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீர் விட்டு நீற்றினால் இந்தக் களி. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பொருள். கண்ணில் பட்டால் மட்டும் விளையாட்டில்லை, கண்ணாடி போடாமல் அந்த டிரம்மின் பக்கம் விடவில்லை.

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். தண்ணீர் சேர்க்கவே இல்லை, வெட்டி வெட்டி மிதித்தே இளக வைத்தார். காய்ந்த செங்கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் முந்தின நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனைத்தார். கை வைத்தால் குளிர வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது, அது பதம். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் கனம்தான். அது இறுகும்வரை விட்டு அடுத்தது. இடையில் மெல்லிய விரிசல் ஓடியபோது நான் பதறினேன். அவர் மணியாசுக் கட்டையை எடுத்து வட்டமாக அழுத்தி அழுத்தித் தேய்த்தார், விரிசல் மூடிக்கொண்டது. சுண்ணாம்பு பச்சையாக இருக்கும்வரை தப்பைத் திருத்த இடம் கொடுக்கும். மேலே பட்டியும் இல்லை, பிளாஸ்டிக் பெயிண்டும் இல்லை. தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பை நாலு தடவை அடித்தோம். கண்ணாடி மாதிரி இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் லேசாக வெள்ளை ஒட்டும். அதனால் அந்தப் பக்கம் துணி தொங்கவிடுவதில்லை, இஸ்திரி மேசை போட்டிருக்கிறேன்.

ஸ்டக்கோ சுவரில் வழி மூன்று. மொத்தமாகக் கொத்தி எடுக்கலாம். அது செங்கல்லை நன்றாகப் பிடித்திருந்ததால் கொத்தும்போது செங்கல் முகமும் கூடவே வரும், அறை முழுக்கப் புழுதி. சட்டம் அடித்து போர்டு போடலாம், ஆனால் தாழ்வாரம்தானே, அகலமே குறைவு, வெட்டு மேசையைச் சுற்றி நடக்க இடம் போய்விடும். மூன்றாவது, அதையே அடியாக வைத்து மேலே மட்டப் பூச்சு பூசுவது. அதைத்தான் செய்தோம்.

இங்கே பிரச்சினை சொரசொரப்பு இல்லை. சொரசொரப்பு பூச்சுக்கு நல்லதுதான், பிடி கிடைக்கும். இடையில் இருந்த பச்சைப் பெயிண்ட்தான் வில்லன். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கட்டம் கட்டமாகப் பெயிண்ட் டேப்போடு வந்தது. பெயிண்ட் பிடிக்காத இடத்தில் எந்த விலை உயர்ந்த ப்ரைமரும் பிடிக்காது. காய்ந்த சுவரைத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம் என்பதால் நனைத்து நனைத்துச் சுரண்டினோம், அறையில் துணி, நூல் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு. சுரண்டிய சேறு வாசலில் இல்லை, பைக்குள் போனது. துருத்திய முனைகளை முரட்டுத் தேய்ப்புக் கல்லால் மழித்து, சுவர் முழுக்க உளியால் நெருக்கமாகக் கொத்து விட்டு, நீல வட்டம் போட்ட ஏழெட்டு இடத்தை மட்டும் செங்கல்வரை எடுத்து அடைத்தார். துத்தநாகப் பூச்சுள்ள கம்பி வலையை வாஷர் வைத்துச் செங்கல்லோடு முடுக்கினார். பெயிண்டின் மிச்சம் ஏமாற்றினாலும் வலை தாங்கும்.

சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. சுவரில் முதலில் புள்ளி வைத்தார், எனக்கு அது அளவு எடுத்துக் குறி போடுவது மாதிரியே இருந்தது. மேலேயும் கீழேயும் தூக்குக்குண்டு பிடித்து ஒரே நேரில் சின்னச் சின்னச் சாந்துத் திட்டுகள். அவை காய்ந்தபின் நடுவே கலவையை வீசி, மட்டப்பலகையை இரண்டு திட்டின் மேலும் வைத்து மேல்நோக்கி ரம்பம் அறுப்பதுபோல இழுத்தார். மேட்டில் இருந்தது வழிந்து பலகையில் வந்தது, பள்ளம் வாயைத் திறந்து காட்டியது. அதில் மறுபடி கலவை. ஏழு நாள் காலை மாலை தண்ணீர் தெளிப்பது என் வேலை. பெயிண்டுக்கு 28 நாள் பொறுக்கச் சொன்னார். இன்னும் முழுதாகக் காயாத சிமெண்டின் காரம் பெயிண்டை அரித்துவிடும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

புதுச் சுவருக்கு வருகிறேன். நல்ல காய்ந்த, உறுதியான சுவர்தான். நேராக நிற்கத்தான் தெரியவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மேலே 22 மி.மீ. அறைக்குள் சாய்ந்திருந்தது. அந்த அளவுக்குச் சாந்து அப்பினால் கனம் தாங்காமல் தொங்கும். இங்கேதான் நான் ஆசைப்பட்ட ஜிப்சம் போர்டுக்கு வேலை வந்தது. காகிதமும் ஜிப்சமும் சேர்ந்த இந்த அடுக்குப் பலகையின் மூதாதைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் 1894-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்றுவரை தத்துவம் அதேதான்.

துருப்பிடிக்காத தகட்டுச் சட்டங்களைச் சுவரில் முடுக்கி, மேலே ஒட்டி, கீழே தக்கை கொடுத்து, சாய்வைச் சட்டத்தின் பின்னாலேயே சரிக்கட்டியாயிற்று. போர்டு 12.5 மி.மீ. தான், ஆனால் சட்டமும் சேர்ந்து சுவர் முன்னால் வரும்போது என்னென்ன விழுங்கும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. ஸ்விட்ச் பெட்டிகள் பள்ளத்துக்குள் போயின, ஒவ்வொன்றையும் மின்சாரத்தை நிறுத்தி முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் திட்டின் அகலம் குறைந்தது. ஜன்னல் கதவு போர்டின் ஓரத்தில் இடித்தது, கீலை மாற்றினோம். சுவரின் முகத்தை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்துவது என்றால் அறையில் அதைத் தொட்டு நிற்கும் அத்தனையையும் நகர்த்துவது என்று அர்த்தம். துணிக்கு லைனிங் கொடுத்தால் கழுத்தும் கையும் இறுகுமே, அதேதான்.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். நூல் அலமாரி எங்கே மாட்டப்போகிறேன் என்று முன்பே குறித்து, அந்த இடத்தில் போர்டுக்குப் பின்னால் மரப்பலகை வைக்கச் சொன்னேன். மூடுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் விரித்து வைத்துப் புகைப்படமும் எடுத்தேன். வெறும் போர்டில் ஆணி அடித்துக் கனமான அலமாரி மாட்டியவர்கள் கதையை நான் கேட்டிருக்கிறேன்.

இந்தப் புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். முன்பு மூன்று தடவை சிமெண்ட் வைத்து அடைத்த தடம் அதில் தெரிந்தது, மூன்று தடவையும் பக்கத்திலேயே புதிதாக வெடித்திருக்கிறது. இரண்டு வேறு பொருள், இரண்டு வேறு அஸ்திவாரம், வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் இரண்டு விதமாக அசையும். மேஸ்திரி அதை அடைக்கவே இல்லை. நேர்கோடாக வெட்டி, வளைந்து கொடுக்கும் சீலண்ட்டை நிரப்பி, "இது மூட்டு. மூட்டுன்னா மடங்கணும்" என்று விட்டுவிட்டார்.

கதவுப் பக்கச் செங்கல்லை அப்படியே விட்டோம். கம்பி பிரஷ் இல்லாமல் நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து வைத்தோம். எனக்கு அறையிலேயே பிடித்த சுவர் அது.

கூரைக்கு வந்தால், தம்பி ஆரம்பத்திலிருந்தே ஒரே பிடிவாதம்: "அக்கா, ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம், எல்லாம் மறைஞ்சுடும்." மேஸ்திரி பதில் சொல்லாமல் சாரத்தில் ஏறி, பழுப்புக் கோடு ஓடிய இடத்தில் போட்ட நீல வட்டத்தைச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். தட்டு அகலத்துக்குப் பூச்சும் கான்கிரீட்டுமாகத் தரையில் விழுந்து சிதறியது. நான் தினம் உட்கார்ந்து தைக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி. மேலே பார்த்தால் கம்பி, செதில் செதிலாகத் துரு. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், பருத்து மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். நடு அறையில் அது தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்தது, கீழே நான் காஜா எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தம்பி அதற்குப்பின் சீலிங் பற்றி ரொம்ப நாள் பேசவில்லை.

கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லவேண்டியவர் அவர், மேஸ்திரியே அப்படித்தான் சொன்னார். தளத்தின் மேலே தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்துவிட்டு, கீழே தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை குடைந்து, துருவைச் சுரண்டி, பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மூடாமல் விட்டோம். ஒரு சொட்டும் ஈரம் தெரியாத பிறகுதான் போர்டு.

சட்டங்களைப் பூச்சில் அல்ல, பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டில் முடுக்கினார்கள், 400 மி.மீ. இடைவெளியில். நாலுக்கு எட்டு அடிப் பலகை 25 கிலோவுக்குப் பக்கம் வரும். இரண்டு பேர் தலைக்கு மேல் பிடித்திருக்க, டி வடிவ மரமுட்டைக் கொடுத்துத் தாங்கி, மூன்றாவது ஆள் திருகாணி போட்டார். மூன்றாவது ஆள் நான். திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் இம்மியளவு உள்ளே போக வேண்டும். கிழித்துவிட்டால் பிடி போச்சு, பக்கத்தில் இன்னொன்று. முதல் பலகையில் பதினொன்றைக் கிழித்தேன். மூன்றாவதில் கை வந்துவிட்டது. ரிப்பேர் செய்த இடத்துக்கு நேர் கீழே திறந்து பார்க்க ஒரு சதுரக் கதவு வைக்கச் சொன்னேன், அழகு கெடும் என்றார்கள், கெடட்டும் என்றேன்.

மூட்டு வேலையைத்தான் நான் யாருக்கும் விடவில்லை. பலகையின் நீள ஓரங்கள் லேசாகச் சரிந்து இருக்கும், இரண்டு சேர்ந்தால் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் கிடைக்கும், டேப்பும் பூச்சும் அதற்குள் உட்கார்ந்துவிடும். வெட்டிய ஓரத்துக்கு அந்தச் சரிவு கிடையாது, எப்படிப் பூசினாலும் மேடு. துணியின் கரையோரத்தில் தைப்பதற்கும் வெட்டிய ஓரத்தில் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம். மடித்த காகித டேப், அடியில் காற்று நிற்காமல் அழுத்தி, மூன்று தடவை பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக. கனமாகப் பூசி மேட்டை மறைக்க முடியாது, அகலமாகப் பூசிக் கண்ணை ஏமாற்றத்தான் முடியும்.

பகலில் பார்த்தபோது எல்லாம் மட்டம். அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்தேன். அவ்வளவு மேடு பள்ளமும் நிழலோடு எழுந்து நின்றது. பென்சிலால் குறித்து, மறுநாள் உப்புத்தாள் போட்டு, மறுபடி டார்ச். நாலு ராத்திரி ஆயிற்று. கூரையில் நான் பூசிய ஒரு வெட்டோர மூட்டு இன்றைக்கும் மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வரும் பத்து நிமிஷம் மட்டும் தெரியும். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. கறுப்புத் துணியை உதறினால் நூல் துகள்தான் விழுகிறது. ஸ்டக்கோ இருந்த சுவரில் புறங்கையைத் தேய்த்துப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால், பூசாத செங்கல்லை ஒட்டிய ஒரு சின்னத் திட்டில், நீலச் சாக்கு வட்டம் ஒன்று அழியாமல் இருக்கிறது. வேலை முடிந்த அவசரத்தில் எல்லோரும் விட்டுவிட்ட இடம். நேற்றும் போகிற போக்கில் கத்தரிக்கோல் பிடியால் தட்டினேன். பொள்ளென்றுதான் கேட்டது. மழைக்கு முன்னால் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.